பீலித் தண்ணீரும் பல்கலைக்கழகப் பணமும்

(கண்டியில் ஆற்றிய பொதுச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



பேராதனைப் பூங்காவைப் பார்க்காதவர் இந்த மண்டபத்தில் இருக்கமாட்டீர்கள். பாடசாலைச் சுற்றுலாவில் ஒரு தரம், கலியாணம் முடித்த புதிதில் ஒரு தரம், வெளியூரில் இருந்து சொந்தக்காரர் வந்தால் இன்னொரு தரம் என்று எல்லாரும் போயிருக்கிறோம். 1821இல் தொடங்கிய பூங்கா அது. 1880ஆம் ஆண்டில் அந்தப் பூங்காவுக்கு ஓர் இளைஞர் வந்து சேர்ந்தார். ஹரி மார்ஷல் வார்ட் என்று பெயர். வயது 26. கேம்பிரிட்ஜில் பட்டப்படிப்பை முடித்து அதிக நாள் ஆகவில்லை. அரசாங்கம் அவரிடம் ஒப்படைத்த வேலை ஒன்றுதான். கோப்பி இலையில் விழுந்திருக்கும் நோய் என்ன, அது எப்படிப் பரவுகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு இரண்டு வருடம்.

கண்டியைச் சுற்றியுள்ள மலைகளில் அப்போது கோப்பிதான் நின்றது. 1869இல் கோப்பி இலையின் அடிப்பக்கத்தில் செம்மஞ்சள் தூள்போல ஒன்று தென்பட்டது. பூங்காவின் பணிப்பாளர் துவைட்ஸ் அந்த இலையை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அங்கே பெர்க்லி என்ற பங்கசு அறிஞர் அதற்கு ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ் என்று பெயர் சூட்டினார். பின்பாதிப் பெயருக்கு நாசகாரி என்று பொருள் சொல்லலாம். பத்து வருடத்துக்குள் அது அந்தப் பெயரை மெய்யாக்கிவிட்டது. கந்தகமும் சுண்ணாம்பும் தூவிப் பார்த்தார்கள். நோய் மலைக்கு மலை தாவிக்கொண்டிருந்தது.

வார்ட் என்ன செய்தார் என்பதைச் சற்று நின்று சொல்ல ஆசைப்படுகிறேன். கண்ணாடித் தகடுகளில் கிளிசரின் தடவித் தோட்டங்களுக்குள் வைத்தார். காற்றில் வந்த தூள் அவற்றில் ஒட்டிக்கொண்டது. நோய் மண்ணில் இருந்து வேர்வழியாக ஏறவில்லை, பங்கசின் வித்திகள் காற்றில் பறந்து வருகின்றன என்பதற்கு அந்தத் தகடுகளே சாட்சி. இலைமேல் ஒரு துளி ஈரம் இருந்தால் போதும், வித்தி முளைத்து இலையின் அடிப்பக்கத்து இலைவாய்க்குள் நுழைந்துவிடும் என்று காட்டினார். நுழைந்தபின் எந்த மருந்தைத் தூவியும் பயனில்லை, நுழையுமுன்னே மருந்து இலையில் இருக்க வேண்டும் என்றார். காட்டை முழுக்க வெட்டிவிட்டு ஒரே பயிரை அடுத்தடுத்து நட்டால் காற்றை மறிக்க ஒன்றும் இராது, நோய்க்கு அதைவிட வசதி வேறில்லை என்றும் எச்சரித்தார்.

உடனே ஒரு மருந்தை எதிர்பார்த்த தோட்டச் சொந்தக்காரர்களுக்கு இது பெரும் ஏமாற்றம். 1882இல் அவர் இங்கிலாந்துக்குத் திரும்பினார். கோப்பி போயிற்று. 1867இலேயே லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் நட்டிருந்த தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. ஆனால் அந்த இளைஞர் நம் மலையில் கற்றது வீண் போகவில்லை. 1895இல் அவர் கேம்பிரிட்ஜில் தாவரவியல் பேராசிரியரானார். பயிர்நோய் இயல் என்ற துறைக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவராக அவரை இன்று படிக்கிறோம். பெயர் எடுக்காத ஓர் இளைஞரை நம்பி, ஒரு கேள்வியையும் இரண்டு வருட நேரத்தையும் அவர் கையில் கொடுத்ததால் விளைந்தது அது.

இதே கதைக்கு இன்னொரு பக்கம் உண்டு. அதைச் சொல்லத்தான் இன்று வந்தேன். வார்ட்டின் அறிக்கைகள் ஆங்கிலத்தில், அரசாங்கத்துக்கும் தோட்டத் துரைமாருக்கும் என்று எழுதப்பட்டவை. அந்த இலைகளை நாள்தோறும் கையால் தொட்டவர்கள் யார்? மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து வந்த நம் பாட்டன் பாட்டிமார். கோப்பி செத்தபோது முதலில் பிழைப்பு இழந்தவர்களும் அவர்களே. இலைக்கு என்ன வந்தது, தோட்டம் ஏன் மூடப்படுகிறது என்று அவர்களுக்கு எடுத்துச் சொல்லும் பொறுப்பு அந்த இரண்டு வருட ஏற்பாட்டில் எவருக்கும் இருக்கவில்லை. அப்படி ஒரு கடமை இருக்கலாம் என்ற எண்ணமே 1880இல் இல்லை. இன்று அந்த எண்ணம் எல்லாரிடமும் இருக்கிறது, ஆனால் அதற்கென்று எடுத்துவைத்த பணம் இல்லை.

என்னிடம் ஆராய்ச்சி செய்த ஒரு மாணவியைப் பற்றிச் சொல்கிறேன். தற்காலிக விரிவுரையாளராக வேலை பார்த்துக்கொண்டே முதுதத்துவமாணிப் பட்டத்துக்குப் படித்தவள். புசல்லாவைக்கு அப்பால் ஒரு தோட்டத்தில் பீலித் தண்ணீரைப் பற்றி ஆராய்ந்தாள். மலையில் ஊறிவரும் தண்ணீருக்கு மூங்கிலோ குழாயோ வைத்து விழ விடுவதைப் பீலி என்கிறோம். குளிக்க, குடிக்க, துணி துவைக்க எல்லாம் அதுதான். போத்தல்களில் தண்ணீர் எடுத்தாள், வினாக்கொத்தை நிரப்பினாள். இரண்டாம் முறை போனபோது, தொழிலாளரின் வரிசை வீடான லயத்து வாசலில் இருந்த ஒரு பாட்டி அவளிடம் கேட்டாள்: "போன வருசம் ஒரு தம்பி வந்து எழுதிக்கிட்டுப் போனாரு. அதுக்கு முந்தி ரெண்டு புள்ளைங்க வந்துச்சு. பேரு என்னா, சம்பளம் என்னா, கக்கூசு எத்தன, எல்லாம் சொன்னோம். அதெல்லாம் எங்க தாயி போச்சு?"

மாணவியால் பதில் சொல்ல முடியவில்லை. அன்று மாலை என்னிடம் வந்து அதையே கேட்டாள். என்னாலும் முடியவில்லை. அவளுக்குக் கிடைத்த சிறு மானியத்தின் செலவுப் பட்டியலை எடுத்துப் பார்த்தோம். இரசாயனங்களுக்கு இவ்வளவு, போத்தல்களுக்கு இவ்வளவு, மாநாட்டுக் கட்டணம் இவ்வளவு என்று இருந்தது. கண்டதை அந்த லயத்துக்குத் திரும்பக் கொண்டுபோய்ச் சொல்வதற்கு ஒரு வரியும் அதில் இல்லை. அந்தப் பட்டியலைத் தயாரிக்க உதவியவன் நான். எனக்கும் அப்படி ஒரு வரி வேண்டும் என்று தோன்றவில்லை.

இத்தனைக்கும் நம் பல்கலைக்கழகம் திறந்த கதவோடு பிறந்தது. 1942இல் கொழும்பில் தொடங்கிய இலங்கைப் பல்கலைக்கழகம் 1952இல் பேராதனைக்கு வந்தது. 1954 ஏப்ரல் 20ஆம் திகதி எலிசபெத் மகாராணியின் முன்னிலையில் எடின்பரோ கோமகன் அதைத் திறந்துவைத்தார். ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த பல்கலைக்கழகம் என்பதால், வழக்கத்தைவிட அதிகமாகத் திறந்திருக்கிறது என்று அவர் பிரகடனம் செய்தார். அந்தச் சொல் இன்றும் பேராதனையில் பெருமையோடு நினைவுகூரப்படுகிறது. யாருக்குத் திறந்தது என்ற கேள்விக்கு, நல்ல வேளையாக, அடுத்த பத்து ஆண்டுகளிலேயே இரண்டு ஆசிரியர்கள் பதில் சொன்னார்கள். ஒருவர் சிங்களவர், ஒருவர் தமிழர்.

எதிரிவீர சரச்சந்திர நாட்டுப்புற நாடகத்தை ஆராய்ந்துகொண்டிருந்தவர். 1955இல் அவருக்கு ரொக்ஃபெல்லர் நிறுவனத்தின் நிதி கிடைத்தது. அந்தப் பணத்தில் ஜப்பான் சென்று நோ, கபுக்கி நாடகங்களை நேரில் பார்த்தார். பழைய கூத்து வடிவம் இன்றைய மேடையில் உயிரோடு நிற்கும் என்ற துணிவு அவருக்கு அங்கே பிறந்தது. திரும்பி வந்து, அம்பலாங்கொடையைச் சேர்ந்த சாள்ஸ் சில்வா குணசிங்க குருன்னான்சே என்ற, 'நாடகம' எனும் சிங்கள நாட்டுப்புற நாடகத்தின் ஆசானைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பல்கலைக்கழக மாணவர்களைப் பழக்கினார். 1956 நவம்பரில் 'மனமே' மேடையேறியது. 1961இல் 'சிங்கபாகு'. பேராதனையில் புல்சரிவில் அமைந்த திறந்தவெளி அரங்குக்கு இன்று அவர் பெயர். சுற்றுக் கிராமத்தார் குழந்தை குட்டிகளோடு வந்து அமர்ந்து பார்த்த அரங்கு அது.

ரொக்ஃபெல்லர் கொடுத்த பணம் நாடகம் போடக் கொடுத்த பணம் அல்ல. ஓர் ஆசிரியர் போய், பார்த்து, வளர்ந்து வரக் கொடுத்த பணம். வளர்ந்தவர் திரும்பி வந்து மக்களிடம் போனார். அந்த நாடகம வடிவத்தின் வேரில் நம்முடைய தமிழ்க் கூத்து இருக்கிறது என்பதைச் சரச்சந்திரவே எழுதியிருக்கிறார். பிறகு அது வந்த வழியே நம்மிடமும் திரும்பியது.

பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைத் தமிழ்த் துறையில் இருந்தார். இலங்கைக் கலைக்கழகத்தின் தமிழ் நாடகக் குழுவுக்கும் தலைவராக இருந்தார். மட்டக்களப்பு, மன்னார் ஊர்களுக்குப் போய்க் கூத்துகளைப் பார்த்தார். விடிய விடிய ஆடும் கூத்தை மேடைக்கு ஏற்றபடி சுருக்கினார். மட்டக்களப்புக் கூத்து ஆசான்களான அண்ணாவிமாரைப் பேராதனைக்கு அழைத்துவந்து மாணவர்களுக்கு ஆட்டம் பழக்க வைத்தார். 1962இல் 'கர்ணன் போர்', 1963இல் 'நொண்டி நாடகம்', 1964இல் 'இராவணேசன்', பின்னர் 'வாலிவதை'. ஆடியவர்கள் பட்டப்படிப்பு மாணவர்கள். அவர்களில் ஒருவர் மட்டக்களப்பில் இருந்து வந்த சி. மௌனகுரு. பின்னாளில் கூத்தை ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் பெற்றார், பேராசிரியரானார், அதே இராவணேசனைப் பல பத்தாண்டுகள் கழித்துப் புதிதாக்கி மேடையேற்றினார். ஓர் ஆராய்ச்சியாளர் எங்கே உருவானார் என்று கேட்டால் நான் நூலகத்தை மட்டும் காட்டமாட்டேன். அந்த ஒத்திகைக் களத்தையும் காட்டுவேன். மக்களிடம் போகும் வேலையும் இளம் ஆராய்ச்சியாளரின் வளர்ச்சியும் வேறு வேறு செலவினங்கள் என்று நினைப்பவர்கள் இந்த ஒரு வாழ்க்கையைப் பார்க்கட்டும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அண்ணாவியார் பல்கலைக்கழகத்துக்குள் தகவல் தருபவராக வரவில்லை, ஆசானாக வந்தார். பேராசிரியர் பக்கத்தில் நிற்க, தாளம் அவர் கையில் இருந்தது. இந்த மரியாதைதான் நம் வினாக்கொத்துகளில் தொலைந்துபோனது.

இனி இன்றைய நிலைக்கு வருகிறேன். பிள்ளை பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராகிவிட்டது என்று பெருமைப்படும் பெற்றோர் இந்த மண்டபத்தில் இருக்கிறீர்கள். அந்தப் பிள்ளையின் முதல் வருடங்கள் எப்படிப் போகின்றன என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும். முதல் வகுப்பில் தேறியதும் தற்காலிக விரிவுரையாளர் வேலை. ஒப்பந்தம் முடிய முடியப் புதுப்பிக்க வேண்டும், அடுத்த முறை கிடைக்குமா என்ற கவலையோடு. அதிர்ஷ்டம் இருந்தால் தகுதிகாண் விரிவுரையாளர். அதன்பின் குறித்த காலத்துக்குள் மேற்பட்டம் முடித்தால்தான் பதவி உறுதி. செய்முறை வகுப்புகள், விடைத்தாள்கள், குழுக் கூட்டங்கள் எல்லாம் இளையவர் தலையில். வெளிநாட்டில் புலமைப்பரிசில் கிடைத்தால் பிணையாளர்களைத் தேடிப் பிணைமுறியில் கையெழுத்திட்டுப் போக வேண்டும். 2022இல் நாடு வங்குரோத்தானபோது பலர் போனார்கள், திரும்பவில்லை. அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அவர்கள் விட்டுப்போன ஆய்வுகூடங்களின் பூட்டிய கதவுகளைப் பார்த்துக்கொண்டு நடப்பது கடினமாக இருக்கிறது.

பணம் எங்கிருந்து வருகிறது? பல்கலைக்கழகம் ஆண்டுதோறும் தன் பங்காகச் சிறிய ஆராய்ச்சி மானியங்கள் கொடுக்கிறது. தேசிய விஞ்ஞான மன்றம் இருக்கிறது, தேசிய ஆராய்ச்சிப் பேரவை இருக்கிறது. எல்லாம் சேர்ந்தும் நாட்டின் மொத்த உற்பத்தியில் ஆராய்ச்சிக்கும் அபிவிருத்திக்கும் போவது 0.1 சதவீதத்தை ஒட்டிய தொகைதான். இந்தியாவில் 0.6 சதவீதத்துக்கு மேல். அதுவே போதாது என்று அங்குள்ளவர்கள் சொல்கிறார்கள். தென்கொரியாவில் 4 சதவீதத்துக்கு மேல். 2012இல் நம் விரிவுரையாளர்கள் கல்விக்கு 6 சதவீதம் வேண்டும் என்று மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் இருந்த டொலர் சில மாதங்களில் 350ஐத் தாண்டியது. ரூபாயில் அனுமதித்த மானியத்தால் டொலரில் விற்கும் இரசாயனத்தை வாங்க முடியவில்லை. மூன்று விலைமனு வாங்கி, குழு கூடி, அனுமதி வருவதற்குள் மூன்று விலையும் மாறிவிட்டிருந்தன.

உலக வங்கிக் கடனில் பெரிய திட்டங்களும் வந்தன. 2010இல் ஒன்று. 2017இல் 10 கோடி டொலரில் இன்னொன்று. கட்டடங்கள் எழுந்தன, பலர் மேற்படிப்புப் படித்தார்கள், அபிவிருத்தி சார்ந்த ஆராய்ச்சிக்கும் கண்டுபிடிப்பைச் சந்தைக்குக் கொண்டுபோவதற்கும் மானியங்கள் கிடைத்தன. நல்ல காரியம் நடந்தது என்பதை மனதாரச் சொல்கிறேன். ஆனால் கடன்திட்டம் முடிவுத் திகதியோடு பிறக்கிறது. ஓர் இளம் ஆராய்ச்சியாளர் உருவாக ஏழெட்டு வருடம் வேண்டும். எந்தத் திட்டமும் அவ்வளவு காலம் அவர்கூட நடந்து வருவதில்லை.

பதவி உயர்வுக்கான மதிப்பெண் திட்டத்தைப் பாருங்கள். பேராசிரியர் பதவிக்கு விண்ணப்பிப்பவரின் கற்பித்தலுக்கும் ஆராய்ச்சிக்கும் புள்ளிகள் உண்டு. மூன்றாவதாக, அறிவைப் பரப்பியதற்கும் நாட்டின் அபிவிருத்திக்குப் பங்களித்ததற்கும் புள்ளிகள் உண்டு. ஆக, மக்களிடம் போவது ஆசிரியரின் கடமை என்று நம் ஏற்பாடே ஒத்துக்கொள்கிறது. பேராசிரியராகும் வயதில் அதைக் கேட்டு என்ன பயன்? 28 வயதில் பழகாத ஒருவர் 50 வயதில் லயத்து வாசலில் குந்தி உட்கார்ந்து பேசக் கற்றுக்கொள்ளமாட்டார்.

நான் கேட்பது பெரிய தொகை இல்லை. பல்கலைக்கழகம் தன் சொந்த நிதியில் இருந்து, ஆண்டுதோறும், முதல் ஆறேழு வருடங்களில் இருக்கும் ஆராய்ச்சியாளர்களுக்கென்று ஒரு சிறு நிதி ஒதுக்க வேண்டும். அது அந்த இளையவர் பெயரிலேயே வர வேண்டும், அவருடைய பேராசிரியர் பெயரில் வரக்கூடாது. இதை ஒரு பேராசிரியனாக இருந்தவன் சொல்கிறேன். தன் பெயரில் ஐம்பதாயிரம் ரூபாயைக் கையாண்டு கணக்குக் கொடுத்தவர்தான் நாளைக்கு ஐம்பது இலட்சத்தைப் பொறுப்போடு கையாள்வார். அந்தப் பணத்தில் அவர் தனக்குத் தெரியாத ஒரு முறையைக் கற்கப் போகலாம். ஹந்தானையில் நம் தலைக்கு மேலேயே தேசிய அடிப்படைக் கற்கைகள் நிறுவனம் இருக்கிறது. உயிரின் இரசாயனத் தோற்றத்தை ஆராய்ந்து உலகப் புகழ்பெற்ற சிறில் பொன்னம்பெரும பணிப்பாளராக இருந்து வளர்த்த இடம். அங்கே ஒரு மாதம் இருந்து வரலாம். யாழ்ப்பாணத்துக்கோ சென்னைக்கோ போய் வரலாம். அதே பணத்தின் இன்னொரு பகுதியில், தான் கண்டதை, கண்ட இடத்து மக்களிடம், அவர்கள் மொழியில் கொண்டுபோக வேண்டும்.

இரண்டையும் ஒரே பையில் போடச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தனித்தனியாகக் கொடுத்தால் முதலாவதைச் செலவழித்துவிட்டு இரண்டாவதை வருட முடிவில் ஒரு துண்டுப்பிரசுரத்தோடு முடித்துவிடுவார்கள். அப்படி அச்சடித்துக் கட்டுக்கட்டாக அலுமாரியில் கிடக்கும் பிரசுரங்களைக் கண்டிருக்கிறேன். அந்தத் தாள்களை எழுதியவர் யாருடைய முகத்தையும் பார்த்து எழுதவில்லை.

இந்த நிதியில் இருந்து உள்ளூர்க்காரருக்கும் கூலி கொடுக்க வேண்டும். மொழிபெயர்ப்பவருக்கு, வழிகாட்டும் தோட்டத்து இளைஞருக்கு, சொன்னதை நாட்டார் பாட்டாகக் கட்டித் தரும் ஒருவர் கிடைத்தால் அவருக்கும். வித்தியானந்தன் அண்ணாவியாரை அழைத்தது போலத்தான் இது. சில முயற்சிகள் தோற்றுப்போகும். கூட்டத்துக்கு ஐந்து பேர்தான் வந்தார்கள் என்றால் ஐந்து பேர் என்றே எழுதட்டும், ஏன் வரவில்லை என்றும் எழுதட்டும். அடுத்த ஆண்டு அவருக்கு மறுபடியும் கொடுக்க வேண்டும். வார்ட் மருந்து கண்டுபிடிக்கவில்லை என்று அவருடைய சம்பளத்தைத் திருப்பிக் கேட்டிருந்தால் நட்டம் யாருக்கு?

ஆராய்ச்சிக்கே காசில்லாதபோது இது எதற்கு என்று கேட்பவர்களை நான் மதிக்கிறேன். அவர்களுக்கு ஒரு பழைய கணக்கைச் சொல்வேன். 1925இல் இந்த நாட்டில் தேயிலை ஆராய்ச்சி நிலையம் அமைக்கப்பட்டபோது அதற்கான பணம் எங்கிருந்து வந்தது? ஏற்றுமதியாகும் தேயிலை மீது போட்ட தீர்வையில் இருந்து. அதாவது, கூடையில் விழுந்த ஒவ்வொரு கொழுந்திலும் ஆராய்ச்சிக்கென்று ஒரு பங்கு இருந்தது. நூறு வருடமாக இந்த மலையின் பெண்கள் விஞ்ஞானத்துக்குப் பணம் கட்டி வருகிறார்கள். எங்கள் தகவல் எங்கே போயிற்று என்று அந்தப் பாட்டி கேட்டது, கொடுத்தவள் கேட்கும் கணக்கு.

தாமதித்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் எல்லாருக்கும் தெரிந்த ஒரு துயரம் உண்டு. 2014 அக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பல வருடங்களுக்கு முன்பே எச்சரித்திருந்தது. அறிவு இருந்தது, ஆனால் அது யாரையும் அசைக்கவில்லை. போக இடம் இல்லாததும் காரணம், மறுக்கவில்லை. ஆனால் மண் ஏன் சரியும், எந்த மழைக்கு வீட்டை விட்டு ஓட வேண்டும், எந்த வெடிப்பைக் கண்டால் பயப்பட வேண்டும் என்பதை இருந்து நிதானமாக, தமிழில், வருடா வருடம் சொல்லும் இளையவர்கள் அந்த மலைக்குத் தேவைப்பட்டார்கள். கண்டியைச் சுற்றிய மலைகளுக்கும் தேவைப்படுகிறார்கள்.

வெளியே பார்த்தாலும் இந்தப் பாதையில்தான் போகிறார்கள். இங்கிலாந்தில் 1985இல் வந்த போட்மர் அறிக்கை, பொதுமக்களோடு பேசுவது விஞ்ஞானியின் கடமை என்று வற்புறுத்தியது. கேரளத்தில் 1962இல் தொடங்கிய சாஸ்திர சாகித்ய பரிஷத் என்ற அமைப்பு விஞ்ஞானத்தை ஊர் ஊராகக் கொண்டுபோகிறது. இந்திய அரசு 2018இல் ஆராய்ச்சி மாணவர்கள் தங்கள் ஆய்வை எளிய நடையில் எழுதினால் பரிசு என்று அறிவித்தது. 2022இல் ஒவ்வொரு விஞ்ஞானியும் வருடத்துக்குப் பத்து நாளாவது சமூகத்துக்குக் கொடுக்க வேண்டும் என்று வழிகாட்டி நெறிகளை வெளியிட்டது. நமக்கும் இது புதிதல்ல. 1970களில் பேராதனையைச் சுற்றியிருந்த தமிழ் விரிவுரையாளர்கள் 'ஊற்று' என்ற விஞ்ஞான ஏட்டை நடத்தினார்கள். உயர்தர மாணவர்களுக்கு அது எவ்வளவு உதவியது என்று படித்தவர்களைக் கேட்டால் தெரியும். அப்படிப்பட்ட ஏடுகள் ஆசிரியர்களின் இரவு நேரத்திலும் சட்டைப்பைக் காசிலும் நடந்தவை. அர்ப்பணிப்பைப் போற்றுகிறோம். ஆனால் ஒரு பல்கலைக்கழகம் தன் கடமையை இளையவர்களின் சட்டைப்பையில் இருந்து செய்யக் கூடாது.

மாணவியின் கதையை முடிக்காமல் விட்டேன்.

அவள் தன் சொந்தச் சம்பளத்தில் ஒரு வெள்ளைச் சீலைத்துணி வாங்கினாள். அதில் தோட்டத்தின் படத்தை வரைந்து, தான் பரிசோதித்த பீலிகளைப் பச்சை, மஞ்சள், சிவப்புப் புள்ளிகளால் குறித்தாள். பச்சை என்றால் குடிக்கலாம். மஞ்சள் என்றால் கொதிக்க வைத்துக் குடிக்கலாம். சிவப்பில் மலக்கிருமி இருக்கிறது. வேலையில்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவின் சுவரில் அதைத் தொங்கவிட்டோம். நானும் போயிருந்தேன். பிஸ்கட்டும் தேத்தண்ணியும் கொடுத்தோம். முப்பது பேரளவில் வந்தார்கள், பெரும்பாலும் பெண்கள்.

முதலில் மரியாதைக்காகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பிறகு அந்தப் பாட்டி எழுந்து துணியின் கிட்டே போய், சிவப்புப் புள்ளி ஒன்றைத் தொட்டுக் காட்டினாள். "இதுல நாங்க குடிக்கிறதே இல்லியே தாயி. துணி அலசுறது மட்டுந்தான். குடிக்கிற தண்ணி கோயிலுக்குப் பின்னால இருந்துல்ல எடுக்கிறோம். அது ஒங்க படத்துலயே இல்லியே." இன்னொரு பெண், மழைக்காலத்தில் மட்டும் ஊறும் ஒரு பீலி மேல்மலையில் இருக்கிறது, சித்திரையில் போய்ப் பார்த்தால் அது தெரியாது என்றாள். மூன்றாவது ஒருத்தி, மலைக்கு மருந்தடிக்கும் நாளில் எந்தப் பீலியில் நுரை வரும் என்று சொன்னாள். அரைமணி நேரத்தில் எல்லாரும் துணியைச் சுற்றி நின்றார்கள். மாணவி பேசுவதை நிறுத்திவிட்டு எழுதத் தொடங்கியிருந்தாள்.

பஸ்ஸில் திரும்பும்போது அவள் அதிகம் பேசவில்லை. ஒன்றரை வருட வேலையில் பாதியை மறுபடியும் செய்ய வேண்டும் என்று எங்கள் இருவருக்கும் தெரிந்திருந்தது. அடுத்த மாதம் புதுப் போத்தல்களோடு போனாள். பாட்டியின் பேரன் கூடவே நடந்து, கோயிலுக்குப் பின்னால் இருந்ததையும் மேல்மலையில் இருந்ததையும் காட்டினான். அதுவரை அவளுடைய குறிப்பேட்டில் பீலிகளுக்கு இலக்கங்கள்தான் இருந்தன, ஒன்று, இரண்டு, மூன்று என்று. பையன் ஒவ்வோர் இடத்திலும் நின்று பெயர் சொல்ல, அவள் பழைய இலக்கங்களுக்குப் பக்கத்தில் எழுதிக்கொண்டே போனாள்: கோயில் பீலி, பலாமரத்துப் பீலி, கங்காணி பீலி, மழைப் பீலி.